வீட்டுத் திருட்டு அலாரத்துக்கு வயர்லெஸ் கீபேட்: பொருத்துவதும் பயன்படுத்துவதும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ஆசையாக வாங்கி மாட்டிய அலாரத்தை நாளடைவில் ஆன் செய்யாமலே விட்டுவிடும் வீடுகள் உண்டு. ஏன் என்று கேட்டால் பேச்சு பெரும்பாலும் கீபேடில் வந்து நிற்கும். "உள்ளே போய் நம்பர் அழுத்துவதற்குள் சைரன் அடிக்கிறது", "பாட்டிக்கு எட்டவில்லை", "சில நாள் எடுக்கிறது, சில நாள் எடுக்கவில்லை" என்பார்கள். இவை எல்லாமே பொருத்தும் நாளில் சரிசெய்துவிடக்கூடியவை. செங்கல் சுவர், கான்கிரீட் தளம், முன்னால் கிரில் கேட் என்று இருக்கும் நம்மூர் வீடுகளை மனதில் வைத்து இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

கீபேட்தான் அலாரமா?

இல்லை. கதவு சென்சார், மோஷன் சென்சார், சைரன் எல்லாவற்றையும் கவனித்து முடிவெடுப்பது பேனல் என்னும் மையப் பெட்டி. நீங்கள் அழுத்தும் எண்ணை ரேடியோ அலையில் பேனலுக்கு அனுப்புவது மட்டுமே கீபேடின் வேலை.

இரண்டும் தனித்தனியாக இருப்பதில் ஒரு பெரிய நன்மை இருக்கிறது. வாசல் கதவைத் திறந்ததும் பேனல் உடனே அலறாது, எண்ணை அழுத்துவதற்குச் சில நொடிகள் பொறுக்கும். பட்டனும் பேனலும் ஒரே பெட்டியாக வாசலருகே இருந்தால், கதவை உடைத்து வருபவன் அந்த நொடிகளுக்குள் பெட்டியையே பிய்த்து எறிந்துவிட முடியும். கீபேட் மட்டும் வாசலில் இருந்தால் அவன் உடைப்பது ஒரு பட்டன் பலகையைத்தான். படுக்கையறை அலமாரிக்குப் பின்னால் இருக்கும் பேனல் தன் கணக்குப்படி சைரனை அடித்து, போனுக்கும் செய்தி அனுப்பிவிடும். ஆகவே பேனலை வாசலிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில் வையுங்கள்.

எந்தக் கீபேடும் எந்தப் பேனலுடனும் சேருமா?

சேராது. அலைவரிசை ஒன்றாக இருக்க வேண்டும், இரண்டும் பேசும் மொழியும் ஒன்றாக இருக்க வேண்டும். 433 மெகாஹெர்ட்ஸ் கீபேட் 868 மெகாஹெர்ட்ஸ் பேனலுடன் பேசாது. இரண்டுமே 433 ஆக இருந்தாலும் தயாரிப்பாளர் வேறு என்றால் பெரும்பாலும் சேராது. பேனலின் மாடல் எண்ணைக் கடையில் சொல்லி, அதனுடன் சேரும் கீபேடுகளின் பட்டியலில் உள்ளதையே வாங்குங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் கொண்டுவரும் செட்டில் கூடுதல் கவனம் தேவை. அங்கே 319.5, 345 மெகாஹெர்ட்ஸ் போன்ற அலைவரிசைகளில் ஓடும் அலாரங்கள் பரவலாக உள்ளன. அவற்றுக்கு இங்கே உதிரி சென்சார் கிடைப்பது கடினம். இந்தியாவில் உரிமம் இல்லாமல் பயன்படுத்த 433 முதல் 434 வரையிலும், 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையிலும் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. இந்திய மாடலாகவே வாங்குவது நல்லது.

ஒருவழி, இருவழி என்கிறார்களே, என்ன வேறுபாடு?

ஒருவழிக் கீபேட் அனுப்பும், கேட்காது. எண்ணை அழுத்தினால் அதுவே ஒரு பீப் கொடுக்கும். ஆனால் பேனலுக்குச் செய்தி போய்ச் சேர்ந்ததா என்பது அதற்கே தெரியாது. இருவழிக் கீபேட் பேனலின் பதிலை வாங்கி, அலாரம் ஆன் ஆகிவிட்டதா, பின்கதவு திறந்திருக்கிறதா என்று விளக்கிலோ திரையிலோ காட்டும். விலை கூடுதலாக இருந்தாலும் இருவழியையே வாங்குங்கள். அலாரம் போட்டாயிற்று என்று நம்பி, போடாத வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போவதைவிட மோசமான நிலை வேறில்லை.

எந்த இடத்தில் மாட்டுவது?

வழக்கமாக நீங்கள் உள்ளே வரும் கதவுக்கு அருகே, வீட்டுக்கு உள்பக்கம், தரையிலிருந்து 4 முதல் 5 அடி உயரத்தில் மாட்டலாம். வீட்டிலேயே குள்ளமானவரை நிற்க வைத்து உயரத்தை முடிவு செய்யுங்கள். சக்கர நாற்காலியில் இருப்பவர் உண்டென்றால் 4 அடிக்கு மேல் போக வேண்டாம்.

அடுத்து, வெளியே போய் நின்று பாருங்கள். கிரில் வழியாகவோ ஜன்னல் வழியாகவோ கீபேட் தெரிகிறதா? தெரிந்தால் அந்த இடம் வேண்டாம். எண் அழுத்தும் விரலைத் தெருவிலிருந்து பார்க்கலாம், அலாரம் ஆனா ஆஃபா என்பதை அதன் விளக்கும் காட்டிக்கொடுத்துவிடும். கதவு திறக்கும்போது அதன் பலகைக்குப் பின்னால் மறைந்துபோகும் சுவரும் சரிப்படாது. தினமும் கதவை மறுபடி சாத்திவிட்டுத்தான் எண்ணை அழுத்த வேண்டியிருக்கும்.

இரும்புக் கதவு, பீரோ, ஃபிரிட்ஜின் பக்கவாட்டு ஆகியவற்றில் நேரடியாக ஒட்டாதீர்கள், உலோகம் அலையை விழுங்கிவிடும். மெயின் பெட்டி, இன்வெர்ட்டர், வைஃபை ரூட்டர் ஆகியவற்றிலிருந்து குறைந்தது ஒரு மீட்டர் தள்ளி இருக்கட்டும். மேற்கு வெயில் நேராக அடிக்கும் சுவரையும் மழைக்காலத்தில் ஓதம் ஏறும் சுவரையும் விட்டுவிடுங்கள்.

டப்பாவில் 1000 மீட்டருக்கு மேல் என்று போட்டிருக்கிறது. என் வீட்டில் இரண்டு அறை தாண்டினால் எடுக்கவில்லையே?

டப்பாவில் இருப்பது தடையே இல்லாத திறந்தவெளிக் கணக்கு. வீட்டுக்குள் ஒவ்வொரு 9 அங்குலச் செங்கல் சுவரும் சிக்னலைக் குறைக்கும். கம்பி கட்டிய கான்கிரீட் தளமும் தூண்களும் அதைவிட அதிகமாகக் குறைக்கும். பேனல் மாடியிலும் கீபேட் கீழேயும் இருந்தால், தூரம் 5 மீட்டர்தான் என்றாலும் சிக்னல் தடுமாறலாம்.

அதனால் துளை போடும் முன் சோதனை அவசியம். பேனலிலோ ஆப்பிலோ சிக்னல் சோதனை என்று ஒரு பகுதி இருக்கும். கீபேடை நினைத்த இடத்தில் கையால் பிடித்தால், உங்கள் உடலே அளவை மாற்றிவிடும். ஆகவே காகித டேப்பால் தற்காலிகமாக ஒட்டிவிட்டு இரண்டடி தள்ளி நில்லுங்கள். கதவுகள் எல்லாம் சாத்தியிருக்கட்டும், டிவி, இன்வெர்ட்டர் எல்லாம் ஓடட்டும். மூன்று கோடு காட்டும் கருவியில் குறைந்தது இரண்டு கோடு நிலையாக நிற்க வேண்டும். ஒரு கோடு வந்து வந்து போனால் அந்த இடம் ஆகாது.

இடத்தை மாற்ற வேண்டும் என்றவுடன் அடுத்த சுவருக்கு ஓட வேண்டியதில்லை. 865 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 35 சென்டிமீட்டர், 433 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு சுமார் 69. சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகள் சில புள்ளிகளில் ஒன்றையொன்று அடித்துவிடும். ஒரு சாண் நகர்த்தினாலே அந்தப் புள்ளியிலிருந்து விலகி, சிக்னல் ஏறிவிடுவது உண்டு. அதுவும் பலிக்காவிட்டால் பேனலை நகர்த்துங்கள், இல்லையெனில் அதே நிறுவனத்தின் ரிப்பீட்டரை (சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் கருவியை) சேர்த்துக்கொள்ளுங்கள்.

பேனலுடன் எப்படி இணைப்பது?

பேனலுக்குப் பக்கத்திலேயே மேசையில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். முதலில் பேனலில் புதிய கருவி சேர்க்கும் நிலைக்குப் போக வேண்டும். ஆப் உள்ள பேனல் என்றால் கீபேடின் பின்புறமுள்ள கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் போதும், பழைய வகை என்றால் பேனலின் மெனு வழியாகப் போக வேண்டும். அதன் பிறகே கீபேடின் பேட்டரி இடத்தில் இருக்கும் பிளாஸ்டிக் தாளை உருவுங்கள், அல்லது அதன் பவர் பட்டனை அழுத்துங்கள். முன்பே உருவிவிட்டால், கீபேட் தன்னை அறிவிக்கும் சில நொடிகள் வீணாகப் போய், "கருவி கிடைக்கவில்லை" என்று வரும். அப்படி வந்தால் பேட்டரியை எடுத்து ஒரு நிமிடம் பொறுத்து மறுபடி தொடங்கலாம்.

இணைந்ததும் "வாசல் கீபேட்" என்பது போலத் தெளிவான பெயர் கொடுங்கள். அதே கையோடு தொழிற்சாலை எண்களை மாற்றிவிடுங்கள். உரிமையாளருக்கான மாஸ்டர் எண், பொருத்துபவருக்கான இன்ஸ்டாலர் எண் என இரண்டு இருக்கும். மாஸ்டரை மாற்றிவிட்டு இன்ஸ்டாலர் எண்ணை மறந்துவிடுவார்கள். அந்த மாடலின் கையேட்டை இணையத்தில் தேடும் எவருக்கும் அது கிடைக்கும்.

சுவரில் மாட்டுவதற்கு என்னென்ன வேண்டும்?

டிரில் மெஷின், 6 மில்லிமீட்டர் சுவர் பிட், 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் பிளக், 30 மில்லிமீட்டர் ஸ்க்ரூ, ரசமட்டம், பென்சில். கீபேடின் பின்தட்டில் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு துளை இருக்கும்.

சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயோ நேர் கீழேயோ துளை போடாதீர்கள். சுவருக்குள் பைப் அந்த வழியாகத்தான் போயிருக்கும், உள்ளே 230 வோல்ட் வயர் இருக்கும். குறைந்தது 15 சென்டிமீட்டர் பக்கவாட்டில் தள்ளிக்கொள்ளுங்கள். அந்தச் சுவருக்குப் போகும் எம்சிபியை (மெயின் பெட்டியில் இருக்கும் தானியங்கி சுவிட்சை) ஆஃப் செய்துவிட்டு, டிரில்லுக்கு வேறு அறையிலிருந்து கரண்ட் எடுங்கள்.

பின்தட்டைச் சுவரில் வைத்து, மட்டம் பார்த்து, துளைகளைப் பென்சிலால் குறியுங்கள். 35 மில்லிமீட்டர் ஆழம் துளைத்து, தூசியை ஊதி எடுத்துவிட்டு பிளக்கைச் செருகுங்கள். டைல்ஸ் என்றால் காகித டேப்பை ஒட்டி அதன் மேல் குறித்து, டைலைத் தாண்டும் வரை டிரில்லின் ஹேமர் (அடித்துத் துளைக்கும்) வசதியை ஆன் செய்யாமல் டைல் பிட்டால் துளையுங்கள், பிறகு சுவர் பிட்டுக்கு மாறுங்கள். ஸ்க்ரூவை அளவுக்கு மேல் முறுக்கினால் பின்தட்டு வளையும். அந்த வளைவுதான் அடுத்து வரும் சிக்கலுக்கு முக்கியக் காரணம்.

மாட்டி முடித்தும் "டாம்பர்" என்று காட்டிக்கொண்டே இருக்கிறது. ஏன்?

கீபேடைச் சுவரிலிருந்து பிடுங்கினால் பேனலுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகப் பின்பக்கம் ஒரு சிறு சுவிட்ச் வைத்திருப்பார்கள். பின்தட்டிலோ சுவரிலோ அழுந்தியிருக்கும் வரை அது மூடியிருக்கும். பூச்சு மேடு பள்ளமாக இருந்தாலோ, பின்தட்டு வளைந்திருந்தாலோ, கீபேட் "கிளிக்" என்று முழுதாக உட்காராவிட்டாலோ சுவிட்ச் அழுந்தாது. கழற்றிப் பார்த்து, சுவிட்ச் தொடும் இடத்தில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் சுவரோடு ஒட்டினால் தீரும். டேப் சுற்றிச் சுவிட்சை நிரந்தரமாக அழுத்திவைப்பவர்கள் உண்டு. அதைச் செய்யாதீர்கள், பாதுகாப்பு ஒன்று அங்கேயே போய்விடும்.

வாடகை வீடு. இருபக்க டேப் மட்டும் போதாதா?

சுண்ணாம்பு, டிஸ்டம்பர் அடித்த சுவரில் டேப் நிற்காது. சில வாரங்களில் பூச்சோடு சேர்ந்து உதிர்ந்து விழும், விழும்போது டாம்பர் அடித்து நள்ளிரவில் தெருவையே எழுப்பும். எமல்ஷன் பெயின்ட், டைல்ஸ், பாலிஷ் போட்ட மரம் என்றால் நல்ல நுரை டேப் தாங்கும். துளை போடவே முடியாதென்றால், மேசை மேல் வைத்தோ கையில் எடுத்தோ பயன்படுத்தும் வகைக் கீபேடை வாங்கலாம். வேலை முடிந்ததும் இழுப்பறைக்குள் போட்டுவிடுங்கள்.

உள்ளே வர, வெளியே போக எத்தனை நொடி வைப்பது?

கடிகாரம் பார்த்து முடிவு செய்ய வேண்டிய கேள்வி இது, ஊகத்தில் வைக்காதீர்கள். கணக்கு, சென்சார் உள்ள கதவு திறந்த நொடியிலிருந்து தொடங்கும். சாவியைத் தேடும் நேரம் அதில் சேராது. வீட்டிலேயே மெதுவாக நடப்பவர் இரண்டு கைப்பையோடு கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, எண்ணை அழுத்தி முடிக்க எத்தனை நொடி ஆகிறது என்று போனில் அளந்து பாருங்கள். அதோடு 10 நொடி சேர்த்துக்கொள்ளுங்கள். 30 நொடியில் பெரும்பாலான வீடுகள் அடங்கிவிடும். ஐரோப்பியத் தரவிதியான இஎன் 50131, உள்ளே வரும் நேரத்தை 45 நொடிக்கு மேல் நீட்ட விடுவதில்லை. அந்த எல்லையை நாமும் வைத்துக்கொள்ளலாம், ஏனெனில் நமக்குக் கொடுக்கும் நொடி திருடனுக்கும் கிடைக்கிறது.

வெளியே போக 60 நொடி வையுங்கள். குழந்தைக்குச் செருப்பு மாட்டுவதற்குள் அது ஓடிவிடும் வீடுகளில் 90 கூட வைக்கலாம், அதில் பாதுகாப்புக் குறைவு ஒன்றுமில்லை.

தாமதம் வாசல் கதவுக்கு மட்டும்தான். பின்கதவு, மொட்டைமாடிக் கதவு, ஜன்னல்கள் எல்லாம் உடனடி வகையாக இருக்கட்டும். ஹாலில் இருக்கும் மோஷன் சென்சாரை "பின்தொடரும்" வகையில் வையுங்கள். வாசல் கதவு முதலில் திறந்தால் அது பொறுக்கும், கதவு திறக்காமலே ஹாலில் அசைவு தெரிந்தால் உடனே அடிக்கும். இந்த அமைப்பைச் செய்யாமல் விடுவதால்தான் உள்ளே காலை வைத்த மறுநொடியே சைரன் அலறுகிறது.

இரவில் நாங்கள் உள்ளே தூங்கும்போது எப்படி?

கீபேடில் இரண்டு ஆன் பட்டன் இருக்கும். "அவே" என்பது எல்லாரும் வெளியே போகும்போது. "ஸ்டே" அல்லது "நைட்" என்பது ஆள் உள்ளே இருக்கும்போது: கதவு ஜன்னல் சென்சார்கள் மட்டும் விழித்திருக்கும், உள்ளேயுள்ள மோஷன் சென்சார்கள் ஓய்வெடுக்கும். தண்ணீர் குடிக்க எழுந்தால் அடிக்காது. இரவில் பால்கனிக் கதவைத் திறக்கும் பழக்கம் இருந்தால், படுக்கையறைப் பக்கம் இரண்டாவது கீபேட் ஒன்று மாட்டுவது பெரிய வசதி. அவசர பட்டனும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.

ரகசிய எண்ணை எப்படித் தேர்வது?

நான்கு இலக்கத்தில் 10,000 எண்கள்தான், ஆறு இலக்கத்தில் 10 லட்சம். பேனல் அனுமதித்தால் ஆறு வையுங்கள். பிறந்த வருடம், வண்டி எண், கதவு எண் வேண்டாம். ஆளுக்கொரு எண் கொடுங்கள்: வீட்டு வேலைக்கு வருபவருக்குத் தனி எண், பேனல் அனுமதித்தால் காலை வேளைக்கு மட்டும் செல்லும்படியாக. அவர் வேலையை விட்டதும் அந்த ஓர் எண்ணை நீக்கினால் போதும்.

ஒரே நான்கு இலக்க எண்ணை வருடக்கணக்கில் அழுத்தினால் அந்த நான்கு பட்டன்கள் மட்டும் தேய்ந்து பளபளக்கும். எந்த நான்கு என்று தெரிந்துவிட்டால் மிச்சம் 24 வரிசைகள்தான். மாதம் ஒருமுறை லேசாக ஈரமான துணியால் எல்லாப் பட்டன்களையும் துடையுங்கள், ஆறு மாதத்துக்கொருமுறை எண்ணை மாற்றுங்கள். தவறான எண் சில முறை வந்தால் கீபேட் பூட்டிக்கொள்ளும் வசதியை ஆன் செய்து வையுங்கள்.

மிரட்டல் எண் என்றால் என்ன?

கத்தியைக் காட்டி "அலாரத்தை நிறுத்து" என்று ஒருவன் நிற்கும்போது அழுத்தும் எண். பார்வைக்கு அலாரம் வழக்கம்போல ஆஃப் ஆகும், சைரன் அடிக்காது, ஆனால் நீங்கள் பதிந்த போன்களுக்கு ஆபத்துச் செய்தி போகும். அந்தச் செய்தி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவர்களிடம் முன்பே பேசிவையுங்கள். உங்களுக்குத் திரும்பப் போன் செய்யக் கூடாது, 112-ஐ அழைத்து முகவரி சொல்ல வேண்டும். வழக்கமான எண்ணோடு ஒரே ஓர் இலக்கம் மட்டும் மாறும்படி வைக்காதீர்கள், கை தவறினால் காவல்துறை வந்து நிற்கும்.

எண்ணுக்குப் பதில் கார்டு, டேக் வைத்துக்கொள்ளலாமா?

முதியவர்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் நல்ல வசதி. ஆனால் 125 கிலோஹெர்ட்ஸ் வகை மலிவான டேக்கை எளிதாக நகலெடுத்துவிடலாம். 13.56 மெகாஹெர்ட்ஸில் குறியாக்கம் உள்ள டெஸ்ஃபயர் வகை பாதுகாப்பானது. வீட்டுச் சாவிக்கொத்திலேயே டேக்கைக் கோக்காதீர்கள். கொத்து தொலைந்தால் பூட்டும் அலாரமும் ஒன்றாகப் போய்விடும்.

பேட்டரி எப்போது, எப்படி மாற்றுவது?

எந்த வகை என்பது பேட்டரி மூடியின் உள்பக்கம் அச்சிடப்பட்டிருக்கும். ஏஏ, ஏஏஏ போடும் கீபேடில் அல்கலைன் போடுங்கள். ரீசார்ஜ் வகை 1.2 வோல்ட்தான் தரும், புதிதாகப் போட்டாலும் "பேட்டரி குறைவு" என்று காட்டக்கூடும். சிஆர்123ஏ வகை 3 வோல்ட் லித்தியம். அதே உருவத்தில் வரும் ரீசார்ஜ் பேட்டரி முழு சார்ஜில் 4.2 வோல்ட் வரை போகும், கீபேடையே கெடுத்துவிடலாம்.

மாற்றும்போது எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றுங்கள். பழையதும் புதியதும் கலந்தால் பழையது கசிந்து, தகட்டில் பச்சையும் வெள்ளையுமாகப் படியும். கடலோர ஊர்களில் தகடு இன்னும் சீக்கிரம் அரிக்கும், வருடம் ஒருமுறை திறந்து பாருங்கள். திறக்கும் முன் பேனலைப் பராமரிப்பு நிலைக்கு மாற்றிவிடுங்கள், இல்லையெனில் மூடியை எடுத்ததும் டாம்பர் அடிக்கும். எச்சரிக்கை வந்த ஓரிரு நாளில் மாற்றிவிடுவது நல்லது.

கரண்ட் போனால்? இன்டர்நெட் போனால்?

கீபேட் தன் பேட்டரியில் ஓடுகிறது, அதற்குக் கவலையில்லை. பேனலுக்குள் தனி பேட்டரி இருக்கும். 12 வோல்ட் லெட் ஆசிட் வகை என்றால் மூன்று முதல் ஐந்து வருடத்தில் சோர்ந்துபோகும். நெட் இல்லாவிட்டால் போன் ஆப் வேலை செய்யாது, ஆனால் கீபேடும் சைரனும் வேலை செய்யும். ஆப் இருக்கிறதே, கீபேட் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். பேனலில் சிம் கார்டும் போட்டு வையுங்கள், ரீசார்ஜ் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பட்டன் அழுத்தினால் சில சமயம் எடுக்கவில்லை. கீபேட் கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. பேட்டரியைச் சேமிக்க வயர்லெஸ் கீபேட் தூங்கிவிடும். சில மாடல்களில் முதல் தொடுதல் அதை எழுப்ப மட்டுமே பயன்படும், எண்ணாகப் பதியாது. விளக்கு எரிந்த பிறகு எண்ணை அழுத்துங்கள். அவசரத்தில் முதல் இலக்கம் விழாமல் போய், தவறான எண் என்று மூன்று முறை காட்டி, பூட்டிக்கொள்வது இப்படித்தான். தொடுதிரை வகையில் ஈரக்கை, எண்ணெய்க் கை இரண்டுமே தொல்லை. இவை எதுவும் இல்லையென்றால் சிக்னல் சோதனையை மறுபடி செய்யுங்கள். இடையில் யாராவது பீரோவை நகர்த்தியிருப்பார்கள்.

திருடன் சிக்னலைப் பதிவு செய்தோ தடுத்தோ ஏமாற்ற முடியாதா?

மலிவான 433 மெகாஹெர்ட்ஸ் செட்களில் முடியும். பிடி2262, இவி1527 போன்ற சிப் உள்ளவை ஒவ்வொரு முறையும் ஒரே குறியை அனுப்புகின்றன. ஆஃப் செய்யும் குறியை ஒருமுறை பதிவு செய்தவன் அதையே திரும்ப ஒலிபரப்பலாம். ஒவ்வொரு முறையும் மாறும் குறியும் குறியாக்கமும் உள்ள இருவழிச் செட்டில் அது பலிக்காது. சிக்னலைத் தடுத்தால், குறித்த இடைவெளியில் வரவேண்டிய "இருக்கிறேன்" செய்தி நின்றுபோனதைக் கண்டு பேனல் எச்சரிக்கும். வாங்கும்போது இந்த இரண்டும் உண்டா என்று கேளுங்கள்.

கேட்டுக்கு வெளியே மாட்டலாமா?

வெளிப்புறத்துக்கென்றே செய்யப்பட்ட, ஐபி65 போன்ற (தூசியும் நீரும் புகாது என்பதைக் குறிக்கும்) மதிப்பு உள்ள மாடல் என்றால் மாட்டலாம். வீட்டுக்குள் வைக்கும் வகைக்கு மழை, வெயில், எறும்பு எல்லாமே எமன். எண் அழுத்துவதைத் தெருவே பார்க்கும் என்பதால் உள்ளே மாட்டுவதையே பரிந்துரைக்கிறோம்.

மாஸ்டர் எண் மறந்துவிட்டது. என்ன செய்வது?

உரிமையாளர் கணக்கில் ஆப் திறந்திருந்தால் அதிலிருந்தே மாற்றலாம். இல்லையென்றால் இன்ஸ்டாலர் எண் தெரிந்தவர் மாற்றித் தருவார். இரண்டும் இல்லாதபோதுதான் பேனலைத் திறந்து ரீசெட் செய்ய வேண்டும். பல பேனல்களில் அப்போது சேர்த்த சென்சார்களும் அழிந்துபோகும், எல்லாவற்றையும் முதலிலிருந்து இணைக்க நேரிடும். இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதி, வீட்டில் அல்ல, வங்கி லாக்கரிலோ நம்பிக்கையான உறவினரிடமோ வையுங்கள்.

புதிதாக வீடு கட்டுகிறோம். அப்போதும் வயர்லெஸ் வேண்டுமா?

பூச்சு வேலை இன்னும் முடியவில்லை என்றால், வாசல் பக்கச் சுவரிலிருந்து பேனல் வரப்போகும் இடத்துக்கு 20 மில்லிமீட்டர் பைப் ஒன்று போட்டு, அதில் நான்கு வயர் கொண்ட அலாரம் கேபிளை இழுத்து வையுங்கள். கரண்ட் வயர் போகும் பைப்பிலேயே இதையும் நுழைக்காதீர்கள். வயர் கீபேடுக்கு பேட்டரி மாற்றும் வேலை இல்லை, சிக்னல் தொல்லை இல்லை, எப்போதும் விழித்திருக்கும். வாசலுக்கு வயர், மாடிப் படுக்கையறைக்கு வயர்லெஸ் என்று இரண்டையும் ஒரே பேனலில் சேர்க்கும் மாடல்களும் கிடைக்கின்றன.